முழுக்கை ஆபீசர்

"குப்பன்! என் கரகத்தைக் குப்பன் தூக்கட்டும்டா! வெறும் மாரோட தூக்கட்டும்!"

பச்சையம்மாவின் மேல் வந்திருந்த கங்கையம்மன் இவ்வளவைச் சொல்லிவிட்டு, எரிகிற கற்பூரத்தை வாயில் போட்டு விழுங்கி, மலையேறிவிட்டாள். பச்சையம்மா கோயில் வாசலில் பொத்தென்று விழுந்தாள். பெண்கள் ஓடிப்போய் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள்.

கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த குப்பனுக்கு அந்த நிமிஷமே முதுகு அரிக்க ஆரம்பித்தது. முதுகிலிருந்து முழங்கைக்குப் போயிற்று. முழங்கையிலிருந்து விலாவுக்கு வந்தது. சொறிய முடியுமா? ஊரே திரும்பி அவனைப் பார்க்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தியா, பேரச் சொன்னதும் ஆபீசருக்கு அழுகையே வந்துடுச்சி!" என்றார் ஊர்த்தலைவர். "அதான்யா பக்தி."

குப்பன் எந்த ஆபீசிலும் வேலை பார்த்தவனில்லை. தோணிரேவைத் தாண்டி ஏரிக்கரையில் இருக்கிற அந்தக் குப்பத்தில், எல்லாரையும் போல இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவி எறா பிடிக்கிறவன்தான். பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு தோளோடு தோள் உரச வரிசையாக நகர்வார்கள். மற்ற ஆண்கள் வெறும் உடம்போடு இறங்கும் தண்ணீரில், குப்பன் மட்டும் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தானும் கைப் பொத்தானும் மாட்டி இறங்குவான். சித்திரை வெயிலிலும் அதே கோலம்தான். வரிசையில் கடைசி ஆளாக, ஒரு கை தள்ளியே இருப்பான். கரையேறினால் எப்சிபாவின் டீக்கடையில் ஓரமாக நின்று டீ குடிப்பான். கல்யாணப் பந்தியில் உட்காரமாட்டான். குழந்தைகள் மேலே ஏறினால் இறக்கி விட்டுவிடுவான். அனாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டான்.

அடேயப்பா, இவ்வளவு போதாதா ஒரு ஊருக்கு? ஆபீசர் என்று பேர் வைத்துவிட்டார்கள். தாலுகா ஆபீசுக்கு மனு கொடுக்க வேண்டுமா, குப்பனை முன்னால் நிறுத்து. அங்கே அவன் அரிப்பை அடக்கிக்கொண்டு விறைப்பாக நிற்பான். இவர் யாரோ பெரிய ஆள் என்று பயந்து அவனுக்கு நாற்காலி போடுவார்கள்.

சட்டைக்கு உள்ளே இருந்ததோ படை. முதுகு, முழங்கை, விலா எல்லாம் சிவந்து தடித்து, மேலே வெள்ளி வெள்ளியாகச் செதில். சோரியாசிஸ் என்றாள் பெரியாஸ்பத்திரி தோல் டாக்டரம்மா. "இது யாருக்கும் ஒட்டாதுப்பா. மருந்தத் தடவு. காலை வெயில் கொஞ்சம் உடம்புல படட்டும்" என்றும் சொன்னாள்.

குப்பன் மருந்து வாங்கினான், வெயிலை வாங்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அனுப்பம்பட்டில் ஒரு கட்டட வேலைக்குப் போயிருந்தபோது, முழங்கையில் முதல் முதலாக ரெண்டு திட்டு வந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருந்தவன் அதைப் பார்த்தான். தன் தட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டான். அன்று போட்ட சட்டைதான். இந்த ஊரும் ஒரு நாள் பார்த்துவிட்டால், நாளைக்குத் தண்ணீரில் தன் பக்கத்தில் யார் குந்துவார்கள் என்பது குப்பனின் கேள்வி. வரிசையில் இடம் போனால் எறா போச்சு, சோறு போச்சு, ஆபீசரும் போச்சு.

விஷயம் தெரிந்தது அவன் பொண்டாட்டி ருக்குவுக்கு மட்டும்தான். ஒரு ஈ காக்காய்க்குக்கூடச் சொல்லமாட்டேன் என்று அவளைத் தன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ண வைத்திருந்தான். பாவம், யாரும் எழுவதற்கு முன்னால் எழுந்து பாயில் உதிர்ந்த செதிலைக் கூட்டுகிறவள் அவள். நாவிதரிடம் போகப் பயந்தவனுக்கு வலை வெட்டுகிற கத்தரியால் முடி வெட்டுகிறவளும் அவள்தான். வெட்டு ஒரு பக்கமாகக் கோணிப்போகும். அதையும் ஊர் ஆபீசர் கிராப்பு என்றது.

"ஊருக்கெல்லாம் சும்மா கெடைக்கிற வெயிலு," என்று ருக்கு அடிக்கடி சொல்வாள். "நீ ஒருத்தன்தான்யா அதுக்குப் பொத்தான் போட்டு வெச்சிருக்க."

குப்பன் காதிலேயே வாங்கமாட்டான்.

இப்போது சாமியே சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டது. திருவிழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

மறுநாள் மத்தியானம் குப்பன் வீட்டுக்கு வந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

"ருக்கு, சித்தப்பாவச் சாவடிச்சிட்டேன்."

உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். "இன்னாய்யா சொல்ற? எந்தச் சித்தப்பா?"

"எங்க நைனாவோட தம்பி. எளாவூரு சின்னதம்பி. தூக்கத்துலயே போய்ட்டாருன்னு தலைவரு கையில சொல்லிட்டேன். பங்காளி சாவு, தீட்டு. தீட்டுக்காரன் கரகம் தூக்க முடியுமா?"

ருக்கு அகப்பையை எடுத்தாள். "நல்ல மனுசன், பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உலையைக் கிண்டினாள்.

ஆபீசர் வீட்டு சாவு என்றால் ஊர் சும்மா இருக்குமா? அடுத்த நாள் காலையில் குப்பன் வீட்டு வாசல் கொள்ளாமல் கூட்டம். எளாவூருக்குப் போக ஷேர் ஆட்டோவுக்குச் சொல்லி, மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். குப்பனோடு வரிசையில் எறா தடவுகிற ஜமுனா, தலைமயிரை அவிழ்த்துப் போட்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். அந்தக் கையாலேயே மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். செத்தவரை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் கல்லும் கரையும்படி அழுதாள்.

அந்த நேரம் பார்த்து, கையில் ஒரு கூடை நண்டோடு, ஷேர் ஆட்டோவிலிருந்து சின்னதம்பி இறங்கினார்.

சாவு வீட்டில் முதலில் அழ வேண்டும், விசாரணை பிறகுதான். முறை தெரிந்த மனுஷன் அவர். கூடையை ஓரமாக வைத்துவிட்டு, தலைவரின் தோளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அழுது முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யாரு நைனா போயிட்டது?" என்று கேட்டார்.

"குப்பனோட சித்தப்பாரு. எளாவூருல."

"அடப்பாவமே! வயசாளியா?"

"ஒங்க வயசு இருக்கும்."

"எப்டிப் போனாரு?"

"தூக்கத்துலயே."

"குடுத்து வெச்ச மகராசன்! நமக்கெல்லாம் அப்டி வாய்க்குமா?" என்று பெருமூச்சு விட்டவர், "எளாவூருல எந்தப் பக்கம்?" என்றார்.

"செக்போஸ்ட்டுக்குப் பின்னால. சின்னதம்பின்னு பேரு."

சின்னதம்பி துண்டை மெதுவாக இறக்கினார். "செக்போஸ்ட்டுக்குப் பின்னால நான் ஒருத்தன்தானய்யா சின்னதம்பி?"

ஜமுனாவின் ஒப்பாரி பாதியில் நின்றது. வீட்டுக்குள் குப்பன் பானைக்குப் பின்னால் மறைய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் வாயைத் திறந்தவள் பச்சையம்மா. "அடியே ஆத்தா!" என்று கையைத் தலைக்கு மேல் குவித்தாள். "கரகம் தூக்குறவன் ஊட்டுல தீட்டு ஆவக் கூடாதுன்னு, போன உசுர வழியிலயே மடக்கித் திருப்பி அனுப்பிட்டாடா கங்கையம்மா!"

அவ்வளவுதான். குலவைச் சத்தம் ஏரியின் அந்தக் கரைக்குக் கேட்டது. கட்டி வைத்திருந்த மாலையைச் சின்னதம்பிக்கே போட்டார்கள். செத்துப் பிழைத்த மனுஷனின் காலைத் தொட வரிசை நின்றது. அவரும் சும்மா சொல்லக் கூடாது, சாயந்தரம்வரை கால்மேல் கால் போட்டுக்கொண்டு, மேலே போகிற வழியில் தான் கண்டதையெல்லாம் விஸ்தாரமாகச் சொன்னார். ஜமுனா வாயைப் பிளந்து கேட்டாள். குப்பன் வீட்டைக் கடக்கிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

"இந்த மனுசன எவன் கூப்ட்டது?" என்று குப்பன் பல்லைக் கடித்தான்.

"நான்தான். திருவிழாவுக்கு வாங்கன்னு போன் போட்டேன்" என்றாள் ருக்கு. "நான் கூப்ட்டது மொதல்ல. நீ சாவடிச்சது பொறவு. எங்கூட ஒரு வார்த்த கேட்டுட்டு இல்ல சாவடிச்சிருக்கணும்?"

நியாயம்தானே?

சித்தப்பாவை எளாவூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்போது, ரோட்டோரத்தில் துணி விரித்து மருந்து விற்கிறவன் ஒருவன் கண்ணில் பட்டான். "படையா, தேமலா, செதிலா, எதுவா இருந்தாலும் மூணே நாளு! கொழந்தத் தோலு!" என்று கத்திக்கொண்டிருந்தான். டாக்டரம்மா சொன்னதற்கு நேர் எதிர். ஆனால் மூன்று நாள் என்ற வார்த்தை குப்பனை மயக்கிவிட்டது. ஒரு பாட்டிலை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தான்.

வீட்டுக்குள் கதவைச் சாத்தி, சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்தான். ருக்கு கோழி இறகை மருந்தில் தோய்த்துத் தடவினாள். எரிந்தது என்றால் அப்படி ஓர் எரிச்சல். குப்பன் தலையணையைக் கடித்துக்கொண்டான்.

"முடிஞ்சிதா?"

"கழுத்துலயும் கொஞ்சம் போட்டுட்றேன்."

"கழுத்துல இன்னாத்துக்குமே? அங்க ஒண்ணும் இல்லியே!"

"இல்லாதப்பவே போட்டாத்தான்யா வராம இருக்கும். அசையாத."

அசையாமல் கிடந்தான். எழுந்து கண்ணாடியில் பார்த்தபோது கழுத்து முழுக்கக் கருநீலம். அது ஒரு நீல மருந்து. சீயக்காய் போட்டான், சோப்புப் போட்டான், கடைசியில் மணலை எடுத்துத் தேய்த்தான். கழுத்து இன்னும் பளபளவென்று நீலமானது. படை ஒரு இம்மி குறையவில்லை. இன்னும் சிவந்துபோய்த் தீயாய் எரிந்தது.

மறுநாள் எப்சிபாவின் டீக்கடையில் குப்பன் காலரை எவ்வளவு தூக்கி விட்டாலும் நீலம் மேலே எட்டிப் பார்த்தது.

"அண்ணே, இன்னா கழுத்துல? பாம்பு கீம்பு கடிச்சிடுச்சா?" என்றாள் எப்சிபா.

குப்பன் உடனே பதில் சொல்லியிருக்கலாம். வலைச் சாயம் பட்டுவிட்டது என்றிருக்கலாம். அவன் வாயைத் திறப்பதற்குள் டீ குடித்துக்கொண்டிருந்த தலைவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"வெசம் குடிச்ச சாமிக்குத்தான்யா கழுத்து நீலம்" என்றார். "சித்தப்பன் உசுரத் திருப்பிக் கொண்டாந்துட்டு, அந்த வெசத்த இவரு தாங்கிகினாரு போல கீது."

"ஸ்தோத்திரம்!" என்று எப்சிபா தன்னை அறியாமல் சொல்லி, அன்றைய டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு மனுஷன் தன்னை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக எட்டு வருஷம் பாடுபடுகிறான். ஒரு வாரத்துக்குள் பக்கத்துக் குப்பங்களிலிருந்தெல்லாம் படகு பிடித்து அவனைப் பார்க்க வருகிறார்கள். விதி என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

"ஓடிப்போயிட்றேன்" என்றான் குப்பன். "அனுப்பம்பட்டுல ரயிலு ஏறினா மெட்ராசு."

"போ," என்றாள் ருக்கு. "ஊர்க்காரங்க மாயமா மறைஞ்சிட்டாருன்னு சிலை வெச்சிடுவாங்க. சிலைக்குச் சட்ட போடமாட்டாங்க, பாத்துக்கோ."

குப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். ருக்கு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள். "கரகம் தூக்குறவன் மஞ்சளும் சந்தனமும் பூசிக்கிறது வழக்கம்தான? நானே கொழகொழன்னு அரைச்சி, கழுத்துலேந்து இடுப்புவரைக்கும் அடையா அப்பிட்றேன். காஞ்சிதுன்னா செவுரு மாதிரி நிக்கும். படையும் தெரியாது, நீலமும் தெரியாது."

குப்பன் நிமிர்ந்தான். மனுஷனுக்கு உயிர் வந்தது. பிறகு ஒரு சந்தேகமும் வந்தது. "ஏரியில முங்கி எழுந்துதான கரகம் எடுக்கணும்? முங்குனா கரைஞ்சிடுமே?"

"அத போன வருசமே நிறுத்திட்டாங்க. தண்ணி கலீஜாயிடுச்சின்னு சொம்புத் தண்ணி தெளிக்கிறதோட சரி. நீதான் திருவிழாப் பக்கமே எட்டிப் பாக்கறதில்லியே, ஒனக்கு எங்க தெரியும்?"

அதுவும் உண்மைதான். சட்டையைக் கழற்றப் பயந்து எட்டு வருஷமாகத் திருவிழா நாளில் அவனுக்குத் தவறாமல் காய்ச்சல் வரும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மாசி மாதத்து ஏரியை நீங்கள் காலையில் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. தூரத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் ஒரே காலில் நிற்கும், ரோஜா நிறத்தில் ஒரு கோடு இழுத்தது போல. கரை முழுக்க ஜனம். பம்பை அதிர்ந்தது. குப்பன் சட்டையோடு நடந்து வந்தபோது கூட்டம் தானாக வழி விட்டது.

கரையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பொத்தானைக் கழற்றினான். கழுத்துப் பொத்தான், கைப் பொத்தான், ஒவ்வொன்றாக. சட்டை கீழே விழுந்தது.

"ஆ!" என்றது ஊர். மஞ்சளும் சந்தனமும் காய்ந்து, காலை வெயில் பட்டு, குப்பன் தங்க விக்கிரகம்போல நின்றான். தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குப்பனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. தப்பித்தோம் என்று முதல் தடவையாக மூச்சு விட்டான்.

"முங்குடா," என்றாள் பச்சையம்மா.

"இன்னா ஆத்தா?"

"மூணு முழுக்கு. வழக்கம் தெரியாதா? இன்னிக்கி நேத்தா நடக்குது?"

குப்பன் ருக்குவைத் திரும்பிப் பார்த்தான். ருக்கு வானத்தில் போகிற பறவைகளை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பம்பைக்காரன் வேகத்தைக் கூட்டினான். பின்னால் ஊர், முன்னால் ஏரி. குப்பன் இறங்கினான். முதல் முழுக்கில் தண்ணீர் மஞ்சளானது. இரண்டாவதில் சந்தனம் பாளம் பாளமாகப் போனது. மூன்றாவது முழுக்குக்குப் பிறகு அவன் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிடலாமா என்று நினைத்தான். எறா தடவுகிறவனுக்கு மூச்சடக்கத் தெரியும், ஆனால் எவ்வளவு நேரம்? எழுந்தான்.

பம்பை நின்றது.

சிவந்த திட்டுகள், வெள்ளிச் செதில்கள், ஓரமெல்லாம் கருநீலம். ஈரத்தில் வெயில் பட்டு அத்தனையும் மினுங்கின. இத்தனை வருஷம் ஒளித்து வைத்த முதுகும் மாரும் ஊர் நடுவில் நின்றன. குப்பனுக்கு அனுப்பம்பட்டில் நகர்ந்த அந்தத் தட்டின் சத்தம் காதில் கேட்டது.

ஜமுனா கீச்சென்று கத்தினாள். "ஒடம்பு பூராச் செதிலு! கங்கையம்மா மீனா வந்து ஒக்காந்துகினாடா!"

கரை முழுக்க மண்டி போட்டது. அத்தனை பேரும் கும்பிட்டார்கள். அத்தனை தலைகளும் தாழ்ந்ததைப் பார்த்துக் குப்பனுக்கே உடம்பு சிலிர்த்தது. ஜமுனா தண்ணீரில் ஓடி வந்து, சீழ் பிடித்த விரல்களை அவன் முன்னால் நீட்டினாள். "ஒரு தபா தடவி வுடு சாமி. ஆஸ்பத்திரிக்குப் போவாம இதுக்குத்தான் காத்துனு இருந்தேன்."

பாருங்கள், எவ்வளவு சுலபம்! ஒரு தடவை தடவிவிட்டால் போதும். இனி ஆயுசுக்கும் சட்டை வேண்டாம். படையே பட்டமாகிவிடும். வரிசையில் இடம் என்ன, கோயிலிலேயே இடம் கிடைக்கும்.

குப்பன் அந்த விரல்களைப் பார்த்தான். நகத்தடி கறுத்துப்போயிருந்தது. வலி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"சாமி இல்லம்மா," என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னான். "சாமி கீமி ஒண்ணும் இல்ல. வியாதி! சோரியாசிஸ்னு பேரு. எட்டு வருசமா கீது. சித்தப்பா சாவவே இல்ல, நான்தான் பொய் சொன்னேன். கழுத்துல இருக்கிறது ரோட்டுல வாங்கின நீல மருந்து. ஜமுனா, ஒன் கைக்கு என் கை ஒண்ணும் பண்ணாது. டாக்டராண்ட போ. நானே கூட்டினு போறேன்."

மண்டி போட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவன் ரெண்டடி பின்னால் போனான். பம்பைக்காரன் பம்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஒட்டுமா?" என்றார் தலைவர்.

"ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லிச்சு. தெனம் எம்மேல மருந்து தடவுறது ருக்குதான். அவ கையப் பாருங்க."

எல்லாரும் ருக்குவின் கையைப் பார்த்தார்கள். ருக்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். எறா முள் குத்திய தழும்பைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

கரகத்தை அவன் தலையில் ஏற்ற வேண்டியவள் பச்சையம்மா. அவள் கிண்ணத்தில் மிச்சமிருந்த மஞ்சளை அள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். இறங்கி, வெறும் உள்ளங்கையால் குப்பனின் முதுகில் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தாள். சில்லென்று இருந்தது. ருக்குவைத் தவிர இன்னொரு மனுஷக் கை அந்த முதுகில் பட்டு எத்தனை காலம்! குப்பன் குழந்தை மாதிரி அழுதுவிட்டான்.

"அட, இவ்ளோதானா?" என்றார் தலைவர் கொஞ்சம் ஏமாற்றமாக. "நெஞ்சுல எவ பேரையோ பச்ச குத்திகினு மறைக்கிறான்னு இல்ல நாங்க நெனச்சினு இருந்தோம்!"

"இதுக்கா எங்கடையில ஓரமா நின்னு டீ குடிச்ச?" என்றாள் எப்சிபா. "நான் போட்ற டீ புடிக்கலியோன்னு எத்தினி தபா டீத்தூள மாத்தினேன் தெரியுமா?"

யாரோ சிரித்தார்கள். பின்வாங்கினவன் ஒரு அடி முன்னால் வந்தான், ஒரு அடிதான், ஆனாலும் வந்தான். பம்பை மறுபடியும் அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குப் பூநாரைகள் மொத்தமாக எழும்பின. வானமே ரோஜா நிறமாயிற்று. அதற்குக் கீழே குப்பன் தலையில் கரகத்தோடு, வெறும் முதுகோடு நடந்தான். பொழுதெல்லாம் அந்த ஏரியில் கிடக்கிறவன் முதுகில் அன்றுதான் ஏரியின் வெயில் விழுந்தது. அது எவ்வளவு இதமாக இருக்கிறது என்று அவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இத்தனை நாள் இது எங்கே இருந்தது?

எல்லாம் முடிந்து, கூட்டம் பொங்கல் வாங்கப் போன பிறகு, கோயிலடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பச்சையம்மாவின் பக்கத்தில் குப்பன் வந்து குந்தினான். சட்டை தோளில் கிடந்தது.

"ஆத்தா, ஒண்ணு கேக்கணும். ஊர்ல இத்தினி ஆம்பளைங்க கீறாங்க. கரெக்டா எம் பேர எப்டிச் சொன்ன?"

பச்சையம்மா வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டாள். "'காரணம் கேக்காத அத்த, சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிகினு கீறேன், குப்பன் பேர மட்டும் சொல்லிடு'ன்னு கேட்டுது. சொன்னேன்."

குப்பன் பயபக்தியோடு கையைக் கூப்பினான். பிறகு புருவத்தைச் சுருக்கினான். "சாமி ஒன்ன அத்தைன்னா கூப்புடுது?"

"அட இவன் ஒருத்தன்!" என்றாள் பச்சையம்மா. "அன்னிக்கி எங்கடா சாமி வந்துச்சு? ருக்குதான் வந்துச்சு!"